படிம வழிகாட்டலில் மார்பறை வடிப்பு

படிம வழிகாட்டலில் மார்பறை வடிப்பு என்பது, மார்பறையினுள் இயல்புக்கு மாறாகத் தேங்கிய நீர், சீழ், குருதி, காற்று ஆகியவற்றை, அவை இருக்கும் இடத்தை மீயொலி, சி.டி. ஸ்கேன் முதலிய படிமக் கருவிகளால் கண்டறிந்து, தோலின் வழியே செலுத்தப்படும் ஊசி அல்லது மெல்லிய குழாய் மூலம் வெளியேற்றும் மருத்துவச் செய்முறை ஆகும். ஊசியால் ஒரு முறை உறிஞ்சி எடுப்பதும், குழாயைச் சில நாட்கள் உள்ளேயே விட்டு வைத்துத் தொடர்ந்து வடிய விடுவதும் இதில் அடங்கும். விலா எலும்புகளுக்கு இடையே செருகப்படும் வடிகுழாய் இந்திய மருத்துவமனை வழக்கில் 'ஐ.சி.டி.' என்று சுருக்கமாக அழைக்கப்படுகின்றது.

மார்புச் சுவரில் துளையிடுவது கடினமான செயல் அன்று. எங்கே துளையிடுவது என்று அறிவதே கடினம். விலா எலும்புகளின் கீழ்ப்பகுதிக்கு உள்ளே வலப்புறம் கல்லீரலும், இடப்புறம் மண்ணீரலும், நடுவே இதயமும் சில விரற்கடை தொலைவுக்குள் அமைந்துள்ளன. ஆகவே ஊசி நுழையும் முன்னர் அதன் பாதையில் இருப்பது எது என்று பார்த்து அறிவதே இச்செய்முறையின் அடிப்படை.

## உடற்கூற்றியல்

ஒவ்வொரு நுரையீரலையும் நுரையீரல் உறை எனப்படும் மெல்லிய சவ்வு போர்த்தியுள்ளது. இது இரண்டு படலங்களால் ஆனது. உட்படலம் நுரையீரலின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். வெளிப்படலம் மார்புச் சுவரின் உட்புறத்தையும் உதரவிதானத்தின் மேற்புறத்தையும் பற்றியிருக்கும். இவ்விரு படலங்களுக்கும் இடைப்பட்ட இடமே உறைக்குழி. நலமான ஒருவரில் இக்குழியில் சில மில்லிலிட்டர் நீர் மட்டுமே இருக்கும். மூச்சு விடும்போது படலங்கள் ஒன்றன்மீது ஒன்று உராயாமல் வழுக்கிச் செல்ல இந்நீர் உதவுகின்றது. உறைக்குழியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால்தான் நுரையீரல் சுருங்கிவிடாமல் விரிந்த நிலையில் நிற்கின்றது.

பேச்சு வழக்கில் 'நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது' என்று கூறப்படுவது பெரும்பாலும் இவ்வுறைக்குழியில் நீர் தேங்குவதையே குறிக்கும். அந்த நீர் நுரையீரலின் உள்ளே அன்றி, அதற்கு வெளியே நின்று அதை அழுத்துகின்றது. நுரையீரலின் காற்றறைகளுக்குள்ளேயே நீர் நிறைவது வேறொரு நோய். அதனைக் குழாய் வைத்து வடிக்க இயலாது.

ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் உள்ள பள்ளத்தில் சிரை, தமனி, நரம்பு ஆகிய மூன்றும் மேலிருந்து கீழாக அவ்வரிசையில் செல்கின்றன. அவற்றைத் தவிர்க்க, விலா இடைவெளியில் கீழே உள்ள எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே ஊசி செலுத்தப்படுகின்றது. எனினும் முதுகெலும்புக்கு அண்மையில் தமனி இப்பள்ளத்தினுள் மறைந்திராமல் இடைவெளியின் நடுவே செல்லக்கூடும். முதியோரில் அது மேலும் வளைந்து நெளிந்து காணப்படும். இதனால் முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் குத்துவது தவிர்க்கப்படுகின்றது.

## தேங்குபவை

உறைக்குழியில் தேங்கும் பொருளைப் பொறுத்து நோய் நிலைகள் பின்வருமாறு பெயர் பெறுகின்றன:

* நீர்மார்பு – தெளிந்த அல்லது மஞ்சள் நிற நீர். இதயச் செயலிழப்பு, கல்லீரல் நோய், சிறுநீரக நோய், காசநோய், நுரையீரல் அழற்சி, புற்றுநோய் ஆகியன காரணங்கள்.
* சீழ்மார்பு – சீழ். பெரும்பாலும் நுரையீரல் அழற்சியைத் தொடர்ந்து வருவது.
* குருதிமார்பு – குருதி. விபத்துக் காயங்களில் மிகுதி.
* நிணப்பால் மார்பு – பால் போன்ற நிணநீர். மார்பு நிணநாளம் சிதைவதால் உண்டாவது.
* வளிமார்பு – காற்று. நுரையீரலில் ஏற்படும் சிறு வெடிப்பு, காயம், அல்லது மருத்துவச் செய்முறைகளின் பின்விளைவு.

இவையன்றி நுரையீரலின் உள்ளேயே உண்டாகும் சீழ்க்கட்டியும், இரு நுரையீரல்களுக்கும் நடுவிலுள்ள இடைமார்பில் தேங்கும் சீழும் தேவைப்படும்போது இம்முறையில் வடிக்கப்படுகின்றன.

## வரலாறு

எங்கே துளையிடுவது என்ற கேள்வி மிகப் பழமையானது. பண்டைய கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீசு மருத்துவ நூல்தொகுதியில் சீழ்மார்புக்கான அறுவை விவரிக்கப்பட்டுள்ளது. நோயாளியின் தோள்களைப் பற்றிக் குலுக்கி, எந்தப் பக்கத்தில் நீர் தளும்பும் ஓசை கேட்கின்றது என்று கவனிக்க வேண்டும் என்பது அதில் ஒரு முறை. ஈரக் களிமண் குழம்பில் தோய்த்த துணியை மார்பைச் சுற்றிப் போர்த்தி, எவ்விடம் முதலில் உலர்கின்றதோ அவ்விடத்தில் வெட்டுக என்பது மற்றொரு முறை. உள்ளே சீழ் உள்ள இடம் சூடாக இருக்கும் என்ற கணிப்பே இதற்கு அடிப்படை. கண்ணுக்குத் தெரியாததைத் தோலின் மேல் காண்பதற்கு எடுக்கப்பட்ட முதல் முயற்சிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

1761இல் ஆசுத்திரிய மருத்துவர் லியோபோல்டு ஔவன்புருக்கர், மார்பை விரலால் தட்டி எழும் ஒலியைக் கொண்டு உள்ளே நீர் உள்ளதா என அறியும் முறையை வெளியிட்டார். 1816இல் பிரான்சின் ரெனே லென்னெக் இதயத்துடிப்பு மானியைக் கண்டுபிடித்தார். 1850இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் மோரில் வைமன், என்றி பௌடிச் ஆகியோர் ஊசிக்குழலும் உறிஞ்சு பம்பும் கொண்டு மார்பு நீரை எடுக்கும் முறையைப் பரப்பினர்.

செருமனியின் ஆம்பர்க் நகர மருத்துவர் கோத்தார்ட் பியூலோ, மார்பில் செருகிய குழாயின் மறுமுனையை நீருள்ள குப்பியினுள் அமிழ்த்தி வைக்கும் மூடிய வடிப்பு முறையை 1875 முதல் கையாண்டு 1891இல் வெளியிட்டார். உள்ளிருப்பது வெளியேறும், வெளிக்காற்று உட்புக இயலாது. இன்றைய நீரடைப்புக் குப்பிகள் அனைத்தும் இதே கொள்கையில் இயங்குபவை.

மூடிய முறையின் இன்றியமையாமை முதல் உலகப் போரின்போது தெளிவாகியது. 1918இல் அமெரிக்கப் படை முகாம்களில் நுரையீரல் அழற்சியும் அதைத் தொடர்ந்த சீழ்மார்பும் பரவின. வழக்கப்படி மார்பைத் திறந்து உடனே சீழை வெளியேற்றிய நோயாளிகளில் இறப்பு வீதம் 30 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. நோயின் தொடக்கத்தில் நுரையீரல் மார்புச் சுவருடன் ஒட்டியிருப்பதில்லை. ஆதலால் திறந்த துளை வழியே காற்று புகுந்து மூச்சு முடங்கியது. அறுவை மருத்துவர் எவார்ட்சு கிரகாம் உறுப்பினராக இருந்த சீழ்மார்பு ஆணையம் இதனை ஆராய்ந்து, தொடக்க நிலையில் மார்பைத் திறக்காமல் காற்றுப் புகா வகையில் சீழை எடுக்குமாறு பரிந்துரைத்தது. அதன் பின்னர் இறப்புகள் பெருமளவு குறைந்தன.

1895இல் வில்லெம் ரோண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். 1953இல் சுவீடனின் கதிரியல் மருத்துவர் சுவென் செல்டிங்கர், ஊசியின் வழியே மெல்லிய கம்பியை உட்செலுத்தி, ஊசியை அகற்றி, அக்கம்பியின் மேலாகக் குழாயை நுழைக்கும் முறையை வெளியிட்டார். குருதிக்குழாய்களுக்காக உருவாக்கப்பட்ட இம்முறையே பிற்காலத்தில் மார்பு வடிகுழாய்களுக்கும் பயன்படலாயிற்று. மார்பு நீரை மீயொலியால் கண்டறிவது குறித்த ஆய்வு 1967இல் வெளியாகியது. 1971இல் இலண்டனில் முதல் நோயாளி சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டார். இக்கருவியின் ஆக்கத்துக்காகக் காட்பிரே ஔன்சுபீல்டு, ஆலன் கோர்மாக் ஆகியோர் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். 1980களில் கதிரியல் மருத்துவர்கள் இவ்விரு கருவிகளின் துணையோடு, பெரிய குழாய்களால் வடிக்க இயலாத சீழ்த்தேக்கங்களையும் மெல்லிய குழாய்களால் வடிக்கத் தொடங்கினர்.

## பாராமல் குத்துவதன் இடர்

மெல்லிய குழாய்களும் கம்பிவழிச் செருகலும் பரவலானபோது, செய்முறை எளிது என்ற எண்ணமும் உடன் பரவியது. இங்கிலாந்து, வேல்சு ஆகிய நாடுகளின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2008ஆம் ஆண்டு மே மாதம் ஓர் எச்சரிக்கை அறிக்கையை வெளியிட்டது. 2005 சனவரி முதல் 2008 மார்ச் வரையிலான காலத்தில், மார்பு வடிகுழாய் செருகியதன் தொடர்பில் 12 இறப்புகளும் 15 கடுமையான பாதிப்புகளும் தனக்கு அறிவிக்கப்பட்டதாக அம்முகமை தெரிவித்தது. உள்ளுறுப்புகள் துளைக்கப்பட்டமை, விரிப்பான் கருவி அளவுக்கு மீறி உட்செலுத்தப்பட்டமை, போதிய பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமை முதலியன சுட்டிக் காட்டப்பட்டன. நீரை வடிக்கும்போது மீயொலியைப் பயன்படுத்துமாறு அவ்வறிக்கை வலியுறுத்தியது. பிரித்தானிய மார்பியல் சங்கத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதனையே பரிந்துரைத்தது.

கைதேர்ந்த மருத்துவரின் தட்டிப் பார்க்கும் திறன் போதாதா என்ற ஐயம் எழலாம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பரிசோதனையையும் எக்ஸ்-கதிர்ப் படத்தையும் கொண்டு மருத்துவர்கள் குறித்த இடங்கள் பின்னர் மீயொலியால் சரிபார்க்கப்பட்டன. அங்கே குத்தியிருந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடங்களில் ஊசி உள்ளுறுப்பைத் துளைத்திருக்கக்கூடும் என்பது தெரிய வந்தது.

## படிமக் கருவிகள்

### எக்ஸ்-கதிர்ப் படம்

இதுவே பெரும்பாலும் முதற்சோதனை. நின்ற நிலையில் முன்னோக்கி எடுக்கப்படும் படத்தில் ஏறத்தாழ 200 மி.லி. நீர் சேர்ந்த பின்னரே அது தெளிவாகப் புலப்படும். நீருக்கும், சுருங்கிய நுரையீரலுக்கும், மேலேறிய உதரவிதானத்துக்கும் இப்படத்தில் வேறுபாடு காண்பது சில வேளைகளில் அரிது. மூன்றுமே வெண்மையாகத் தோன்றும். எனவே வெண்மையைக் கண்டவுடன் நீர் என்று கொண்டு குழாய் செருகுதல் தவறாகும்.

### மீயொலி

நீர்த்தேக்கங்களுக்கு மிகவும் உகந்தது மீயொலியே. கதிர்வீச்சு இல்லை, கருவியை நோயாளியின் படுக்கைக்கே கொண்டு வரலாம், ஊசி நகர்வதை அந்நேரத்திலேயே காணலாம். திரையில் நீர் கருமையாகவும், உதரவிதானம் ஒளிரும் வளைகோடாகவும், அதன் கீழே கல்லீரல் அல்லது மண்ணீரல் சாம்பல் நிறமாகவும் தெரியும். மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் உதரவிதானம் எவ்வளவு ஏறி இறங்குகின்றது என்பதைப் பார்த்தே குத்தும் இடம் முடிவு செய்யப்படுகின்றது.

சீழ்மார்பில் உண்டாகும் நாரிழைத் தடுப்புகள் சிலந்தி வலை போல மீயொலியில் தோன்றும். இவற்றைக் காட்டுவதில் மீயொலி சி.டி.யைவிடச் சிறந்தது. வண்ண டாப்ளர் முறையினால் விலாத் தமனியையும் காணலாம். ஆனால் காற்று மீயொலி அலைகளைத் திருப்பி அனுப்பி விடுவதால், காற்றுக்கு அப்பால் உள்ளவற்றை மீயொலியால் காண இயலாது.

ஒரு பழைய வழக்கம் இங்கே குறிப்பிடத்தக்கது. நோயாளியைக் கதிரியல் பிரிவுக்கு அனுப்பி, தோலின் மேல் மையால் ஒரு குறியிட்டு, பின்னர் நோயாளர் கூடத்தில் வேறொருவர் அக்குறியில் ஊசி குத்துவர். நோயாளி எழுந்து, நடந்து, வேறு நிலையில் படுத்த பின்னர் நீரும் உதரவிதானமும் இடம் மாறிவிடுகின்றன. குறி மட்டும் இடம் மாறுவதில்லை. எனவே குத்தும் வேளையிலேயே, குத்தும் நிலையிலேயே மீயொலி பார்க்க வேண்டும் என்று தற்கால வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

### சி.டி. ஸ்கேன்

ஆழத்தில் உள்ளவை, பல அறைகளாகப் பிரிந்தவை, இடைமார்பை ஒட்டியவை, நுரையீரல் மடல்களுக்கு இடையில் சிக்கியவை ஆகிய தேக்கங்களுக்குச் சி.டி. தேவைப்படுகின்றது. நுரையீரலின் சீழ்க்கட்டியையும் சீழ்மார்பையும் வேறுபடுத்த இது உதவும். சீழ்மார்பு பெரும்பாலும் வில்லை வடிவில் மார்புச் சுவரை ஒட்டிப் படர்ந்து நுரையீரலை ஒருபுறம் தள்ளும். சீழ்க்கட்டி உருண்டையாக, ஒழுங்கற்ற தடித்த சுவருடன் நுரையீரலின் உள்ளே அமையும். அவ்வாறே நுரையீரலில் உள்ள பெரிய காற்றுக்குமிழியையும் வளிமார்பையும் இது பிரித்துக் காட்டும். குமிழியை வளிமார்பு என்று தவறாகக் கொண்டு குழாய் செருகினால், இல்லாத வளிமார்பு உண்டாகி விடும்.

## எப்போது வடிக்க வேண்டும்

தேங்கியவை அனைத்தையும் வடிக்க வேண்டுவதில்லை. இதயச் செயலிழப்பால் இரு பக்கமும் தேங்கும் நீர் பெரும்பாலும் சிறுநீர் பெருக்கி மருந்துகளாலேயே வற்றும். சிறிய வளிமார்பு தானாகவே உறிஞ்சப்படலாம். ஆசுத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு, வேறு நுரையீரல் நோய் இல்லாதவர்களுக்குத் தானாகத் தோன்றும் வளிமார்பில், அளவு ஓரளவு பெரிதாக இருந்தாலும், நிலைமை சீராக உள்ளவர்களைக் குழாயின்றிக் கவனித்து வருவது ஏற்கத்தக்கதே என்று காட்டியது.

நீரின் தன்மையை அறிய ஊசியால் சிறிதளவு எடுத்துச் சோதிப்பர். 1972இல் ரிச்சர்டு லைட் வகுத்த அளவுகோல்களின்படி, நீரின் புரதமும் எல்.டி.எச். நொதியும் குருதியில் உள்ள அளவுகளுடன் ஒப்பிடப்படுகின்றன. இதனால் அழுத்த மாற்றத்தால் கசிந்த நீரா, உறையின் நோயால் சுரந்த நீரா என்பது தெரியும். நுரையீரல் அழற்சியுடன் தேங்கிய நீரில் பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பின் வடிகுழாய் தேவை எனக் கருதப்படுகின்றது:

* கண்ணால் காணும் சீழ்
* நுண்ணோக்கியிலோ வளர்ப்பு ஊடகத்திலோ பாக்டீரியா
* 7.2க்குக் குறைந்த பி.எச். மதிப்பு
* மிகக் குறைந்த சர்க்கரை அளவு

மூச்சுத் திணறலை உண்டாக்கும் பெருமளவு நீர், குருதிமார்பு, மூச்சுத் திணறலுடன் கூடிய வளிமார்பு ஆகியவையும் வடிக்க வேண்டியவை. புற்றுநோயால் மீண்டும் மீண்டும் நீர் தேங்குபவர்களுக்கு வீட்டிலேயே வடித்துக்கொள்ளத்தக்க நிலையான குழாய் பொருத்தப்படலாம். டால்கு தூளைச் செலுத்தி இரு படலங்களையும் ஒட்ட வைப்பதும் உண்டு.

## செய்முறை

### ஆயத்தம்

நோயாளிக்குச் செய்முறை விளக்கப்பட்டு ஒப்புதல் பெறப்படுகின்றது. குருதி உறைதலும் தட்டுக்களின் எண்ணிக்கையும் பார்க்கப்படும். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவராயின், அவசரமில்லாத நிலையில் அவற்றை எப்போது நிறுத்துவது என முன்னரே முடிவு செய்யப்படும். எந்தப் பக்கம் என்பது படத்துடனும் நோயாளியுடனும் ஒப்பிட்டு உறுதி செய்யப்படும். வலம் இடம் மாறிக் குழாய் செருகப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

### இடம்

படிமம் காட்டும் இடமே முதன்மையானது. பொதுவாக, அக்குளுக்குக் கீழே 'பாதுகாப்பு முக்கோணம்' எனப்படும் பகுதி தெரிவு செய்யப்படுகின்றது. முன்புறம் பெரிய மார்புத் தசையின் விளிம்பும், பின்புறம் அகன்ற முதுகுத் தசையின் விளிம்பும், கீழே ஐந்தாம் விலா இடைவெளியும் இதன் எல்லைகள். இங்கே தசை மெல்லியது. பெரிய குருதிக்குழாய்கள் குறைவு. நோயாளி மல்லாந்து படுக்கும்போது குழாய் நசுங்காது.

### குழாய் செலுத்தல்

1. தோல் தூய்மை செய்யப்பட்டு, நுண்ணுயிர் நீக்கிய துணியால் சுற்றிலும் மூடப்படும்.
2. லிக்னோகேயின் போன்ற மரப்பு மருந்து தோல், தசை, உறையின் வெளிப்படலம் ஆகியவற்றில் செலுத்தப்படும். வலியை மிகுதியாக உணர்வது வெளிப்படலமே.
3. மீயொலி அல்லது சி.டி.யின் துணையுடன் ஊசி செலுத்தப்பட்டு, நீரோ சீழோ காற்றோ உறிஞ்சிப் பார்க்கப்படும். எதுவும் வராவிடில் குழாய் செருகாமல் நிறுத்தி, மீண்டும் படிமம் பார்க்க வேண்டும்.
4. ஊசியின் வழியே வழிக்கம்பி செலுத்தப்பட்டு ஊசி அகற்றப்படும்.
5. கம்பியின் மேலாக விரிப்பான் நுழைக்கப்பட்டுப் பாதை அகலப்படுத்தப்படும். ஊசி எவ்வளவு ஆழத்தில் உறைக்குழியை அடைந்ததோ, அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவே விரிப்பான் செல்லலாம். இதயமும் கல்லீரலும் துளைக்கப்படும் இடர் இப்படியில்தான் மிகுதி.
6. கம்பியின் மேலாக வடிகுழாய் செலுத்தப்பட்டுக் கம்பி வெளியே எடுக்கப்படும். கம்பி முழுமையாக வெளிவந்தது உறுதி செய்யப்பட வேண்டும்.
7. குழாய் தையலாலும் ஒட்டுப்பட்டையாலும் நிலைநிறுத்தப்பட்டு, நீரடைப்புக் குப்பியுடன் இணைக்கப்படும்.

குழாயின் நுனி பன்றிவால் போலச் சுருண்டிருப்பது உண்டு. அது எளிதில் வெளியே நழுவாமல் காக்கும். குழாயின் வெளிவிட்டம் 'பிரெஞ்சு' என்னும் அலகால் குறிக்கப்படுகின்றது. மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். படிம வழிகாட்டலில் பெரும்பாலும் 8 முதல் 14 பிரெஞ்சு வரையிலான குழாய்கள் போதும். கெட்டியான சீழுக்குப் பெரிய குழாய் வேண்டும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், உறைத்தொற்றில் சிறிய குழாய் வைத்தவர்களுக்கும் பெரிய குழாய் வைத்தவர்களுக்கும் இறுதி விளைவில் வேறுபாடு காணப்படவில்லை. சிறிய குழாய் வைத்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. குருதிமார்பில் உறைகட்டிகள் அடைக்கும் என்பதால் பெரிய குழாயே இன்றும் பலரால் விரும்பப்படுகின்றது.

## வடிகுழாய்ப் பராமரிப்பு

நீரடைப்புக் குப்பியில் குழாயின் முனை ஏறத்தாழ 2 செ.மீ. நீரில் அமிழ்ந்திருக்கும். குப்பி எப்போதும் மார்பைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். அதனை உயர்த்தினால் குப்பி நீர் மார்பினுள் திரும்பக்கூடும். மூச்சுக்கு ஏற்ப நீர்மட்டம் ஏறி இறங்குவது குழாய் அடைபடாமல் உள்ளதைக் காட்டும். குமிழிகள் தொடர்ந்து வருவது நுரையீரலிலிருந்து காற்று கசிவதையோ இணைப்பு தளர்ந்துள்ளதையோ காட்டும். குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயை இடுக்கியால் அடைக்கக் கூடாது. வெளியேற வழியில்லாத காற்று உள்ளே சேர்ந்து உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

மெல்லிய குழாய் அடைபடாமலிருக்க உப்பு நீரால் அவ்வப்போது கழுவப்படுகின்றது. பெருமளவு நீர் தேங்கியிருப்பின் ஒரே முறையில் முழுவதையும் எடுப்பதில்லை. பொதுவாக ஏறத்தாழ ஒன்றரை லிட்டருடன் நிறுத்தப்படுகின்றது. நோயாளிக்கு நெஞ்சு இறுக்கமோ விடாத இருமலோ தோன்றினால் அதற்கு முன்பே நிறுத்தப்படும். நெடுநாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரியும்போது அதனுள் நீர் கசிவது இதற்குக் காரணம்.

## அறைபட்ட சீழ்

சீழ்மார்பு மூன்று நிலைகளில் வளர்கின்றது. முதலில் மெல்லிய நீர். அடுத்து நாரிழைகளால் அறைகளாகப் பிரிந்த சீழ். இறுதியில் நுரையீரலைச் சிறைப்படுத்தும் தடித்த தோல். முதல் நிலையில் ஒரு குழாய் போதும். இரண்டாம் நிலையில் குழாய் ஓர் அறையை மட்டும் வடிக்கும். மற்றவை அப்படியே இருக்கும். மூன்றாம் நிலையில் பெரும்பாலும் அறுவையே வழி. ஆகவே காலம் தாழ்த்துவது நோயாளிக்குக் கேடு.

நாரிழைகளைக் கரைக்கும் மருந்தைக் குழாய் வழியே செலுத்துவது நெடுங்காலமாக முயலப்பட்டது. 2005இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் சுட்ரெப்டோகைனேசு மருந்தால் பயன் காணப்படவில்லை. 2011இல் வெளியான அடுத்த ஆய்வில், திசு பிளாசுமினோசன் முடுக்கியுடன் சீழின் பாகுத்தன்மையைக் குறைக்கும் டி.என்.ஏ. சிதைப்பி நொதியும் சேர்த்து மூன்று நாட்கள் செலுத்தப்பட்டது. இரண்டும் சேர்ந்தபோது வடிதல் மேம்பட்டு, அறுவை தேவைப்பட்டோர் எண்ணிக்கை குறைந்தது. தனித்தனியே அவை பயன் தரவில்லை.

## வளிமார்பு

மீயொலியில், நலமான நுரையீரலின் உறை மூச்சுடன் வழுக்கி நகர்வது தெரியும். வளிமார்பில் இந்நகர்வு மறையும். ஒட்டுகளால் ஒரு மூலையில் அடைபட்ட காற்றுத்தேக்கத்துக்குச் சி.டி. வழிகாட்டலே துல்லியமானது.

ஆயினும் ஒரு நிலையில் படிமத்துக்காகக் காத்திருத்தல் கூடாது. அழுத்த வளிமார்பில் ஒவ்வொரு மூச்சிலும் காற்று உள்ளே சேர்ந்து வெளியேற இயலாமல் இதயத்தை ஒருபுறம் தள்ளி, குருதியோட்டத்தைத் தடுக்கும். குருதி அழுத்தம் வீழ்ந்து, சில நிமிடங்களில் இறப்பு நேரலாம். இங்கே உடற்பரிசோதனையைக் கொண்டே முடிவெடுத்து உடனே ஊசியாலோ விரலளவு துளையாலோ காற்றை வெளியேற்ற வேண்டும். பெரியவர்களில் இதற்கான ஊசியை நான்காம் அல்லது ஐந்தாம் விலா இடைவெளியில், அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் செலுத்துமாறு 2018ஆம் ஆண்டின் மேம்பட்ட விபத்து உயிர்காப்புப் பாடநூல் பரிந்துரைத்தது.

## நுரையீரல் சீழ்க்கட்டியும் இடைமார்புச் சீழும்

நுரையீரல் சீழ்க்கட்டி பெரும்பாலும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளாலும், உடலைச் சாய்த்து வைத்துச் சளியை வெளிக்கொணர்வதாலும் குணமாகும். மருந்துக்குக் கட்டுப்படாதபோதே குழாய் வைக்கப்படுகின்றது. நலமான நுரையீரலைக் கடந்து குழாய் சென்றால் தூய உறைக்குழியில் சீழ் பரவும். மூச்சுக்குழலுக்கும் உறைக்குழிக்கும் இடையே நிலையான புரை உண்டாகலாம். எனவே கட்டி எங்கே மார்புச் சுவரைத் தொட்டு ஒட்டியுள்ளதோ, அவ்வழியே குழாய் செலுத்தப்படும். நாடாப்புழு இனமொன்றால் உண்டாகும் நீர்க்கட்டி என்ற ஐயம் இருப்பின் குத்துவது தவிர்க்கப்படும். அது கசிந்தால் கடும் ஒவ்வாமை ஏற்படலாம். இடைமார்புச் சீழ், பெருந்தமனியும் இதயமும் அருகிலிருப்பதால், சி.டி. வழிகாட்டலிலேயே அணுகப்படுகின்றது.

## சிக்கல்கள்

* வலி, குழாய் அடைபடுதல், நழுவுதல்
* குருதிக் கசிவு, குறிப்பாக விலாத் தமனிக் காயம்
* நுரையீரல் துளைபட்டு வளிமார்பு உண்டாதல்
* கல்லீரல், மண்ணீரல், இதயம் துளைபடுதல்
* தொற்று
* மீள்விரிவால் நுரையீரலினுள் நீர் கசிதல்

படிம வழிகாட்டல் இவற்றைக் குறைக்கும். முற்றிலும் நீக்கி விடாது. கருவி காட்டுவதைச் சரியாகப் படிக்கும் பயிற்சி இல்லாதவிடத்து அக்கருவியால் பயனில்லை.

## இந்தியாவில்

இந்தியாவில் உறைக்குழியில் நீர் தேங்குவதற்குக் காசநோய் முதன்மையான காரணங்களுள் ஒன்று. நீரில் அடினோசின் டிஅமினேசு நொதியின் அளவு உயர்ந்திருப்பது இதனை அறிய உதவும். இவ்வகை நீர் காசநோய் மருந்துகளாலேயே பெரும்பாலும் வற்றுவதால், சோதனைக்கும் மூச்சுத் திணறலைத் தணிக்கவும் எடுப்பது தவிர, வடிகுழாய் பொதுவாகத் தேவையில்லை. சீழாக மாறிய நிலையில் மட்டும் மருந்துடன் குழாயும் வேண்டும். அமீபாவால் உண்டாகும் கல்லீரல் சீழ்க்கட்டி உதரவிதானத்தை உடைத்துக்கொண்டு வலப்புற உறைக்குழிக்குள் புகுவதும் இங்கே காணப்படுவதாகும். அப்போது செம்பழுப்பு நிறச் சீழ் வடியும். கல்லீரலுக்கும் மார்புக்கும் தனித்தனியே குழாய் தேவைப்படலாம்.

கருவின் பாலினம் அறிதலைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மீயொலிக் கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டியவை. கையடக்கக் கருவிகளைப் பதிவு செய்த இடத்துக்கு வெளியே கொண்டு செல்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. மார்பு நீரைக் காண்பதற்காக வாங்கப்படும் கருவியும் இதற்கு விலக்கன்று. எனவே நோயாளியின் படுக்கையருகே மீயொலி பார்க்க விரும்பும் மருத்துவமனைகள் இச்சட்ட நடைமுறைகளையும் நிறைவு செய்ய வேண்டியுள்ளது.

## இவற்றையும் பார்க்கவும்

* நுரையீரல்
* வளிமார்பு
* காசநோய்
* நுரையீரல் அழற்சி
* மீயொலி
* எக்ஸ்-கதிர்